கைக்கு வராத ஆயிரத்து ஐந்நூறு

ஏரல் கடைத்தெருவிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் சம்பளப் பட்டியல் போடுகிற கணக்கப்பிள்ளைகளுக்கு,



உங்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். மாதம் 15-ஆம் தேதி நெருங்கினால் பி.எஃப். சலானுக்கும் இ.எஸ்.ஐ. சலானுக்கும் நெட் சென்டரில் வரிசையில் நிற்கிற முகங்கள். மீதிப் பேர் இப்போது போனிலேயே வேலையை முடித்துவிடுகிறீர்கள். யாராக இருந்தாலும், ஒரு மாதமாவது ஒரு ஆளுக்குச் சம்பளத்தைக் கூட்டி எழுதியிருப்பீர்கள். இல்லை என்று சொல்கிறவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதைத் திரும்ப வாங்குகிற விதத்தைப் பற்றித்தான் இந்த மடல். நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2023 டிசம்பர் 17 ராத்திரியை இந்த ஊரில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது என்று பிறகுதான் படித்தோம். அதற்குள் ஆற்று வெள்ளம் கடைகளுக்குள் வந்து போயிருந்தது. நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடம் ஒன்றில், ஆபீஸ் பீரோவின் கீழ் இரண்டு தட்டும் சேறு. வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, கம்ப்யூட்டர் எல்லாம் போயின. ஜனவரிச் சம்பளம் போட வேண்டுமே! மொட்டை மாடியில் காகிதங்களைக் காயப்போட்டு, ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்துப் பிரித்துப் புதுப் பட்டியல் எழுதினேன். அதில் 14-ஆம் வரிசையில் இருந்த வேன் டிரைவருக்கு, 15-ஆம் வரிசையில் இருந்த மூத்த டிரைவரின் சம்பளத்தை எழுதிவிட்டேன். 12,000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 14,500. ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம் அப்படியே போனது. ஜூனில் இன்கிரிமென்ட் பட்டியல் போடும்போதுதான், இரண்டு வரிசையிலும் ஒரே எண் இருப்பது கண்ணில் பட்டது.

தாளாளரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டினார், திட்டட்டும். அதற்குப் பிறகு ஒரு தாளை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார். சம்பளத்தில் கூடுதலாகப் போனது 12,500. அதற்கு நிர்வாகம் கட்டிய பி.எஃப். பங்கு 1,500. இ.எஸ்.ஐ. பங்கு 410. மொத்தம் 14,410. "பள்ளிக்கூடத்துக் கையிலருந்து போனது இவ்வளவு. ரெண்டு மாசத்துல பிடிச்சிரும்" என்றார்.

டிரைவரைக் கூப்பிட்டோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். பாஸ்புக்கைக் கொண்டுவந்திருந்தார். "அண்ணாச்சி, எனக்குக் கூட வந்தது மாசம் ரெண்டாயிரத்து நூத்தி எம்பத்தொண்ணு. வெள்ளத்துக்காவ நிர்வாகம் பார்த்துக் குடுக்குதுன்னுல்லா நெனச்சேன். நான் என்ன களவாண்டேனா?" என்றார். அந்தப் பணம் அவர் வீட்டில் பின்கட்டுச் சுவராகவும் ஒரு பழைய பிரிட்ஜாகவும் மாறியிருந்தது. அரசாங்கம் அந்தச் சமயம் நம் தாலுகாவில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. அதையொட்டி ஒரு பள்ளிக்கூடமும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும் என்று ஒரு மனுஷன் நினைத்ததில் என்ன குற்றம்?

இப்போது பாருங்கள், ஒரே தப்புக்கு மூன்று தொகை. நிர்வாகம் சொல்வது 14,410. பட்டியல் சொல்வது 12,500. டிரைவரின் பாஸ்புக் சொல்வது 10,905. மூன்றுமே சரியான கூட்டல்தான். நம்மில் பெரும்பாலோர் நடுவில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். "எக்ஸஸ் 12,500, ரெக்கவரி போடு." அங்கேதான் சறுக்குகிறோம்.

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். கூட எழுதிய 2,500-இல் தொழிலாளி பங்காக 12 சதவீதம், 300 ரூபாய், பி.எஃப்.-க்குப் போனது. இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், முழு ரூபாய்க்கு ஏற்றியதில் 19. கைக்கு வந்தது 2,181. ஐந்து மாதத்துக்கு 10,905. அந்த 1,500 ரூபாய் பி.எஃப்.-ஐ அவர் தொடவே இல்லை. சம்பளத்திலிருந்து பிடித்ததும் நாம், கொண்டுபோய்க் கட்டியதும் நாம். நிர்வாகத்தின் பங்கான 300-இல் 92 ரூபாய் அவருடைய பி.எஃப். கணக்கிலேயே சேர்ந்தது. மீதி 208 அவர் கணக்குக்கே போகவில்லை. 8.33 சதவீதம் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறோமே, அது 1995-இல் வந்த ஓய்வூதியத் திட்டத்தின் பொது நிதிக்குப் போய்விடும். 15,000 ரூபாய் உச்சவரம்பு, அதற்கு மேல் 1,250 தாண்டாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஆக, 14,410-க்கும் 10,905-க்கும் இடையில் இருக்கிற 3,505 ரூபாய் எங்கே என்று கேட்டால், விரல் வைத்துக் காட்டலாம். 1,960 டிரைவரின் பி.எஃப். கணக்கில். 1,040 ஓய்வூதிய நிதியில். 505 இ.எஸ்.ஐ.யில். ஒரு பைசாவும் அவர் சட்டைப் பையில் இல்லை. அதை அவருடைய அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து எடுப்பது, ஆற்றில் போட்டதைக் கிணற்றில் தேடுகிற வேலை. அதோடு, எடுத்த பிறகும் பி.எஃப். கணக்கில் அந்தத் தப்பு அப்படியே கிடக்கும். வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று, பெரிய லெட்ஜரில் மட்டும் அவர் இன்னும் 14,500 ரூபாய்க்காரர்.

அப்படிக் கிடந்தால் என்ன கேடு என்று ஒரு தம்பி கேட்டான். கேடு டிரைவருக்கு இல்லை, லாபம்தான். அதனால்தான் யாரும் கவலைப்படுவதில்லை. ஓய்வூதியம் கணக்கிடுவது கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை வைத்து. ஓய்வுக்கு முந்திய ஐந்து வருடத்துக்குள் இப்படி ஐந்து மாதம் 2,500 கூடிப்போனால், சராசரியில் 208 ரூபாய் ஏறும். 14 வருட சேவை என்று வையுங்கள்: 208-ஐ 14-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 41 ரூபாய்ச் சொச்சம். ஆயுள் முழுக்க. நான் கண் தவறி ஒரு வரிசை தள்ளி எழுதியதற்கு, முகம் தெரியாத மற்ற தொழிலாளிகளின் பொது நிதி ஆயுள் முழுக்க மாதம் 41 ரூபாய் தண்டம் கட்டும். குறைந்தபட்ச ஓய்வூதியமே 1,000 ரூபாயில் நிற்கிற திட்டம் அது. அங்கே 41 ரூபாய் சின்னக் காசு இல்லை. ஆகவே ஓய்வூதியப் பங்கை அப்படியே விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அது எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் திருத்து என்கிறேன். திருத்தக் கேட்டு எழுத வேண்டியது கட்டியவர், அதாவது நிர்வாகம். டிரைவர் இல்லை.

பி.எஃப். என்றால் நம் ஜில்லாப் பக்கம் வெறும் பிடித்தம் இல்லை. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களும் தொழிலாளிகளே, அவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1985-இல். அதற்குப் பிறகு அந்த வீடுகளில் எத்தனை மகள் கல்யாணம் பி.எஃப். பணத்தில் நடந்திருக்கிறது என்று அங்கே போய்க் கேளுங்கள். அந்தப் பணத்தின் மேல் கடன்காரன் கை வைக்கக் கூடாது என்று 1952-ஆம் வருடச் சட்டத்தின் 10-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். முதலாளியும் அந்த வகையில் கடன்காரன்தான். "எனக்கு இவன் பாக்கி தர வேண்டும், இவன் பி.எஃப்.-இல் கழித்துக்கொடு" என்று கேட்க முடியாது. "நான் சம்பளத்தைத் தப்பாக எழுதிக் கட்டிவிட்டேன், இதோ சரியான பட்டியல்" என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவது பாக்கி வசூல், இரண்டாவது கணக்குத் திருத்தம்.

நிர்வாகத்தின் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கலாமா என்றால், கூடவே கூடாது. எந்த ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தாலும் கூடாது என்று பி.எஃப். திட்டமே சொல்கிறது. தாளாளரின் 14,410 அங்கேயே அடிபட்டுப் போகிறது. இதை நான் அவரிடம் சொன்னபோது, "அப்போ தப்புப் பண்ணுன நீரு குடும்" என்றார். நியாயமான கேள்வி. அந்த மாதம் என் கூலியில் 500 ரூபாய் குறைத்துக்கொண்டேன். அது அவருக்கும் எனக்கும் உள்ள விவகாரம்.

இதைப் படித்துவிட்டு, தொழிலாளி எதையுமே திருப்பித் தர வேண்டாம் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. தவறுதலாகத் தரப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. கூடுதலாகப் போன சம்பளத்தைப் பின்னால் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று 1936-ஆம் வருடச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் இடம் கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் அந்த இடம் இருக்கிறது. ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., சொசைட்டிக் கடன் எல்லாமே அந்தப் பாதிக்குள் அடங்க வேண்டும். 12,000 ரூபாய்ச் சம்பளக்காரரிடம் இரண்டே மாதத்தில் 14,410 பிடிப்பதென்றால் மாதம் 7,205. பாதிக்கு மேலே போய்விட்டது. தாளாளர் கோபத்தில் சொன்னார். கோபத்தில் சொன்னதை நாம் எக்ஸெல்லில் ஏற்றிவிடக் கூடாது.

"பேங்க்காரன் மட்டும் உடனே எடுத்துக்கிடுதானே" என்று ஒருவர் கேட்டார். தூத்துக்குடியில் தலைமை அலுவலகம் வைத்திருக்கிற தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் விஷயத்தைத்தான் சொல்கிறார். 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு கார் டிரைவர் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வரவு வைத்துவிட்டார்கள். மனுஷன் நம்பாமல், நண்பருக்கு 21,000 அனுப்பிப் பார்த்தார். போனது. சற்று நேரத்தில் மீதியை வங்கி எடுத்துக்கொண்டது. சிரித்துவிட்டு விட வேண்டிய கதை இது. வங்கி எடுத்தது தன் புத்தகத்தில் தான் எழுதியதை, அதுவும் செலவாகும் முன்னே. சம்பளம் அப்படி இல்லை. முதல் தேதி வந்தால் ஐந்தாம் தேதிக்குள் அது அரிசிக்கடையில், பால்காரரிடம், சீட்டுக்காரியிடம்.

உங்கள் வீடுகளில் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு இதே தொல்லை வேறு பெயரில் வரும்: "தணிக்கைத் தடை". ஊக்க ஊதியம் தப்பாகக் கொடுத்துவிட்டோம், பத்து வருடத்து மிகை ஊதியத்தைக் கட்டு என்று ஓய்வு பெறுகிற மாதம் பார்த்துக் கடிதம் வரும். இதற்கு 2014 டிசம்பர் 18-இல் உச்ச நீதிமன்றம் ரஃபீக் மாசி வழக்கில் ஒரு வரம்பு கட்டியது. கீழ்நிலை ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள், ஐந்து வருடத்துக்கு மேல் மிகையாக வாங்கி வந்தவர்கள் ஆகியோரிடம் பிடிக்கக் கூடாது என்றது. ஆனால் "கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. அதனால் ஊதிய நிர்ணயத் தாள்களில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். கேரளத்து ஆசிரியர் தாமஸ் டேனியல் 1999-இல் ஓய்வு பெற்றவர். அவர் ஏமாற்றி வாங்கவில்லை, அதனால் அவரிடம் பிடிக்க முடியாது என்ற தீர்ப்பு 2022 மே 2-ஆம் தேதிதான் வந்தது. எத்தனை வருடம் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். இந்தத் தீர்ப்புகள் எல்லாம் அரசு ஊழியர் வழக்குகளில் வந்தவை. எங்கள் வேன் டிரைவருக்கு அவற்றை அப்படியே எடுத்து நீட்ட முடியாது. ஆனால் தொழிலாளி குற்றமில்லாமல் செலவழித்த பணம் என்பதை நீதிபதிகளே எடைபோட்டுப் பார்க்கிறார்கள் என்றால், நாம் பார்க்கக் கூடாதா?

2003 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து தமிழக அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 10 சதவீதம் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடித்தார்கள். அவர்களிடம் மிகை ஊதியத்தை முழுத் தொகையாகக் கேட்டால், அதில் பத்தில் ஒரு பங்கு அவர்கள் பார்க்காத காசு. எங்கள் டிரைவரின் 1,500 போலவே.

இது நம் ஊர்த் தொல்லை மட்டும் இல்லை. கனடாவில் 2016-இல் மத்திய அரசு ஊழியர் சம்பளத்துக்கு ஃபீனிக்ஸ் என்று ஒரு கம்ப்யூட்டர் முறையைக் கொண்டுவந்தார்கள். சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் கூடுதலாக வந்தது. கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கேட்டபோது, பிடித்தங்களுக்கு முந்திய முழுத் தொகையைக் கேட்டார்கள். வரியாகப் போனதையும் சேர்த்துக் கட்டு என்றதும் ஊழியர்கள் கொதித்தார்கள். கடைசியில் கைக்கு வந்ததை மட்டும் கட்டினால் போதும் என்று 2019-இல் அங்கே வரிச் சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது. ஒரு பெரிய அரசாங்கத்துக்கு மூன்று வருடம் பிடித்த விஷயம், ஏரலில் ஒரு வேன் டிரைவர் பாஸ்புக்கை நீட்டின ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. அவர் நீட்டியிராவிட்டால் நானும் 12,500 என்றுதான் எழுதியிருப்பேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அந்த ஐந்து மாதத்துக்குள் டிரைவர் வீட்டுச் சுவருக்கென்று பி.எஃப். அட்வான்ஸ் எடுத்திருந்தால்? அப்போது அந்த 1,500 கைக்கு வராத காசு என்று நான் வாதாட முடியாது. அவர் எடுக்கவில்லை, அதனால் தப்பித்தேன். உங்களிடம் இப்படி ஒரு ஆள் வந்தால், முதலில் அவருடைய பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். எடுத்திருந்தால் அந்தப் பங்கையும் சேர்த்து, ஆனால் கடைசித் தவணைகளில் வாங்குங்கள். வேலையை விட்டுப் போகிற ஆள் என்றால் கணக்கைத் தீர்க்கிற நாளுக்கு முன்னாலேயே பேசி முடியுங்கள். போன பிறகு அவர் திருப்பூரில் இருப்பார், நீங்கள் போன் போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

இன்னொன்று. அடுத்த மாதப் பட்டியலில் சத்தமில்லாமல் சம்பளத்தையே 9,500 என்று குறைத்து எழுதிவிட்டால் பி.எஃப்.-உம் தானாகச் சரியாகிவிடுமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி கண்ணுக்கு அது, 12,000 சம்பாதித்த ஆளுக்கு 9,500-க்கு மட்டும் பி.எஃப். கட்டிய நிர்வாகமாகத் தெரியும். விளக்கம் எழுதி எழுதிக் கை ஓயும். சம்பளத்தைச் சம்பளமாக எழுதுங்கள், பிடித்தத்தைத் தனிக் கட்டத்தில் காட்டுங்கள்.

நாங்கள் செய்தது இதுதான். மாதம் மாதமாக, எழுதியது எவ்வளவு, எழுத வேண்டியது எவ்வளவு, கைக்குப் போனது எவ்வளவு, பி.எஃப்.-க்குப் போனது எவ்வளவு என்று ஒரே தாளில் கட்டம் போட்டேன். தமிழில். அதை டிரைவருக்கு வாசித்துக் காட்டி ஒரு நகல் கொடுத்தேன். மாதம் 1,000 வீதம் பத்துத் தவணை, பதினோராவது 905. தீபாவளி மாதம் பிடிக்க வேண்டாம் என்று கேட்டார், பிடிக்கவில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்குகளைத் திருத்தக் கேட்டு, திருத்திய பட்டியலை இணைத்து, நிர்வாகத்தின் பெயரில் கடிதங்கள் எழுதினேன். தாளாளர் கையெழுத்துப் போட்டார். முணுமுணுத்துக்கொண்டுதான், ஆனால் படித்துப் பார்த்துப் போட்டார்.

நம் ஊரில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து கும்பிடுகிற அருணாசல சுவாமிகளை, இன்றைக்கும் "சேர்மன் சாமி" என்றுதான் சொல்கிறோம். 1908-இல், முப்பது வயது நிறையுமுன் காலமானவர். பதவிப் பெயரையே சாமிப் பெயராகச் சொல்லிக் கூப்பிடுகிற ஊர் வேறு எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. நாற்காலியில் இருந்தபோது நேர்மையாக நடந்தார் என்பதற்காக ஊர் கொடுத்த பெயர் அது என்பார்கள் பெரியவர்கள். நம் நாற்காலி பிளாஸ்டிக் நாற்காலி, அதுவும் ஒரு கால் ஆடுகிறது. இருந்தாலும் யாருடைய சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பது என்று முதலில் எழுதுவது அதில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான்.

நீங்கள் இப்போது யாருக்காவது ரெக்கவரி போட்டுக்கொண்டிருந்தால், அந்தத் தொகையை மறுபடி எடுத்துப் பாருங்கள். அது பட்டியல் தொகையா, பாஸ்புக் தொகையா? பட்டியல் தொகை என்றால், இதுவரை கூடுதலாகப் பிடித்ததை இந்த மாதமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதலாளி கோபப்பட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். கட்டம் போட்ட அந்தத் தாளின் நகல் வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம். டிரைவர் தன் 905 ரூபாயைக் கட்டி முடித்துவிட்டார், ரசீது கேட்டு வாங்கிப் பாஸ்புக்குக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
14-ஆம் வரிசையில் 15-ஐ எழுதிய
ஏரல் கணக்கப்பிள்ளை